ஓடுகிற பிள்ளைக்கு ஒரு சின்னக் கல்லூரி: அமெரிக்காவில் தேடுகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் என் மகள் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவள் நான்காம் வருஷ மாணவி, கிராஸ் கண்ட்ரி அணியில், அதாவது மண்ணிலும் புல்லிலும் மேடுபள்ளத்திலும் நெடுந்தூரம் ஓடும் அணியில், ஓடுகிறவள். "உங்ககூட முதல் வருஷம் சேர்ந்தவங்க எத்தனை பேர்? அதுல இப்பவும் ஓடறவங்க எத்தனை பேர்?" என்று என் மகள் கேட்டாள். அந்தப் பெண் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். சேர்ந்தது ஒன்பது பேர். மிச்சம் மூன்று. இரண்டு பேருக்குக் கால் எலும்பில் கீறல், ஒருத்தி வேறு கல்லூரிக்கு மாறிவிட்டாள். மற்ற மூவர் எப்போது நின்றார்கள் என்பதே அவளுக்குச் சரியாக நினைவில்லை.

அந்த வருஷம் அவர்கள் லீக்கில் அந்த அணிதான் முதலிடம். ஜிம் வாசலில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். காரில் ஏறியதும் என் மகள் நோட்டைத் திறந்து அந்தக் கல்லூரிப் பெயரை அடித்துவிட்டாள்.

அப்போது அவள் பதினோராம் வகுப்பு. இன்று வேறொரு சின்னக் கல்லூரியில் மூன்றாம் வருஷம், காலை ஆறரைக்கு எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதை, அமெரிக்காவில் ஹைஸ்கூலில் ஓடும் பிள்ளைகளை வைத்திருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நம் வீடுகளில் எஸ்ஏடி வகுப்பு பற்றித் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. இதைச் சொல்லித்தர ஆள் குறைவு.

முதலில் அடுக்குகளைப் புரிந்துகொள்வோம்

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்றால் உடனே புரியும். அந்த நினைப்போடு இங்கே வந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பெரும்பகுதியை நடத்துவது என்சிஏஏ என்ற அமைப்பு. அதில் மூன்று பிரிவுகள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் டிவிஷன் ஒன். டிவிஷன் டூ நடுத்தரம். அங்கேயும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு, ஆனால் முழுத் தொகை அரிது, பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். டிவிஷன் த்ரீயில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். மூன்று பிரிவுகளில் இதுதான் பெரியது. இங்கே விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தரக்கூடாது என்பது விதி. இவை தவிர என்ஏஐஏ என்று தனி அமைப்பு ஒன்று இருக்கிறது. அதிலும் பெரும்பாலும் சின்னக் கல்லூரிகள்தான், அங்கே ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம்.

'டிவிஷன் த்ரீ' என்று கேட்டதும் மூன்றாம் தரம் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நெடுந்தூர ஓட்டத்தின் கதையே வேறு. 1960-களில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் ஓட்ட அணியில் மூன்று பையன்கள் இருந்தார்கள். ஆம்பி பர்ஃபூட் கடைசி வருஷ மாணவராக இருந்தபோதே 1968 பாஸ்டன் மாரத்தானை வென்றார். அவருடைய அறைத்தோழர் பில் ராஜர்ஸ் பின்னால் பாஸ்டனை நான்கு முறையும் நியூயார்க்கை நான்கு முறையும் வென்றார். மூன்றாமவர் ஜெஃப் காலவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினார். மெய்ன் மாநிலத்துப் போடின் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜோன் பெனாய்ட் 1979-இல் பாஸ்டனை வென்றார், 1984-இல் ஒலிம்பிக்கின் முதல் பெண்கள் மாரத்தானில் தங்கம் வாங்கினார். ஒரிகனில் வில்லமெட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் ஓடிய நிக் சிமண்ட்ஸ் 2013 உலகப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார்.

நம் பிள்ளை ஒலிம்பிக் போவாள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஓட்டத்துக்குப் பெரிய ஸ்டேடியம் தேவையில்லை. நல்ல மண்பாதையும், பொறுமையான கோச்சும், கூட ஓடப் பத்துப் பேரும் இருந்தால் ஆயிரத்து ஐந்நூறு பேர் படிக்கும் கல்லூரியிலும் பிள்ளை நன்றாக வளரும். பெரிய பல்கலைக்கழகங்களில் இப்போது இடமும் சுருங்கிவிட்டது. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025-இல் வந்த நீதிமன்ற சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த டிவிஷன் ஒன் கல்லூரிகளில் கிராஸ் கண்ட்ரி அணிக்கு 17 பேர்தான் உச்சவரம்பு. மெதுவாக முதிரும் ஓட்டக்காரர்களுக்கு அங்கே காத்திருக்க இடமில்லை.

பிள்ளையிடம் கேட்க வேண்டியது

பட்டியல் போடுவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். கால் உடைந்து ஒரு வருஷம் ஓட முடியாமல் போனால், அந்தக் கல்லூரியில் நீ சந்தோஷமாக இருப்பாயா? இந்தக் கேள்விக்குத் தயக்கம் இல்லாமல் 'இருப்பேன்' என்று வரும் கல்லூரிகள் மட்டும் பட்டியலில் ஏறட்டும். நெடுந்தூர ஓட்டத்தில் காயம் எல்லோருக்கும் எப்போதாவது வந்தே தீரும். அந்த மாதங்களில் பிள்ளைக்கு மிஞ்சுவது வகுப்பும் நண்பர்களும் ஊரும்தான்.

அடுத்து, அணியில் எந்த இடத்தில் இருந்தால் அவளுக்குப் பிடிக்கும்? முதல் வருஷமே முதல் ஏழு பேரில் ஓட வேண்டும் என்று சிலருக்கு. தன்னைவிட வேகமான இருபது பேருக்குப் பின்னால் ஓடி மெல்ல மேலே வரத்தான் சிலருக்குப் பிடிக்கும். என் மகள் இரண்டாவது ரகம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

நீளமான பட்டியல்

முதலில் இருபது, இருபத்தைந்து கல்லூரிகள். எந்தப் பக்கம் தேடலாம் என்பதற்குச் சில ஊர்களைச் சொல்கிறேன்.

வடகிழக்கில் நெஸ்காக் என்று ஒரு லீக். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், மிடில்பரி, போடின், பேட்ஸ், டஃப்ட்ஸ் உட்பட 11 கல்லூரிகள். படிப்பில் மிகக் கடுமை, ஓட்டத்திலும் அப்படியே. குளிர் கடுமையானது, ஆனால் காட்டுப் பாதைகள் அருமை. பென்சில்வேனியாவில் ஹேவர்ஃபோர்ட்: டாம் டொனலி 1975-இலிருந்து பல பத்தாண்டுகள் அங்கே கோச்சாக இருந்தார். அவரிடம் ஓடிய கார்ல் பரானியா 1997-இல் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் டிவிஷன் த்ரீ மாணவர். 2010-இல் ஆண்கள் அணி தேசியப் பட்டமும் வாங்கியது. அறிவியல், பொறியியல் தேடும் வீடுகளுக்கு ஒரு தகவல்: எம்ஐடியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் ஓட்டத்தில் டிவிஷன் த்ரீதான். இரண்டுமே தேசியப் பட்டம் வென்றவை. சின்னக் கல்லூரி என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

மத்திய மேற்கு மாநிலங்கள்தான் என் கண்ணில் ஓட்டத்தின் தாய்வீடு. சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன; அந்த ஊரிலேயே இருக்கும் நார்த் சென்ட்ரல் கல்லூரிதான் டிவிஷன் த்ரீ ஆண்கள் கிராஸ் கண்ட்ரியில் மிக அதிகப் பட்டங்கள் வென்ற அணி என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. ஆல் கேரியஸ் 1966-இல் அங்கே கோச்சாகச் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தார். சந்தோஷத்துக்காக ஓடு, உன் சொந்த நேரத்தை வெல்ல ஓடு என்பதுதான் அவர் அணியின் வாக்கு. மினசோட்டாவில் நார்த்ஃபீல்ட் என்ற சிற்றூரில் இரண்டு கல்லூரிகள்: செயின்ட் ஓலஃப் ஆண்கள் 2013-இலும், கார்ல்டன் பெண்கள் 2023-இலும் தேசியப் பட்டம் வென்றார்கள். விஸ்கான்சினில் லா க்ராஸ், ஓ க்ளேர் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களும் இதே பிரிவில் ஓடுகின்றன. அளவில் கொஞ்சம் பெரியவை, கட்டணம் குறைவு.

மேற்கே கலிபோர்னியாவின் கிளேர்மான்ட்டில் பொமோனா, பிட்சர் என்ற இரண்டு தனிக் கல்லூரிகள் சேர்ந்து ஒரே அணியாக ஓடுகின்றன. ஆண்கள் அணி 2019, 2021, 2023 என்று மூன்று பட்டங்கள். வருஷம் முழுக்க வெளியில் ஓடலாம்.

உயரமான மலை ஊரில் பயிற்சி வேண்டும் என்றால் கொலராடோவில் ஆடம்ஸ் ஸ்டேட். டிவிஷன் டூ. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம், நம் ஊட்டி அளவு. ஜோ விஜில் பயிற்சியளித்த அந்த அணி 1992 தேசியப் போட்டியில் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தது. ஓட்டம்தான் பிரதானம் என்று இருக்கும் பிள்ளைக்கு அது கோயில் மாதிரி. ஆனால் ஊர் சிறியது, விமானத்தில் போய்வர நேரமாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வேலைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பணம் செலவில்லை, யாரிடமும் கேட்கவும் வேண்டாம். கல்லூரி ஓட்ட முடிவுகள் எல்லாம் டிஎஃப்ஆர்ஆர்எஸ் என்ற தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அணியின் பெயரைத் தட்டினால் ஒவ்வொரு மாணவரும் ஓடிய ஒவ்வொரு போட்டியும், நேரமும், இடமும் வரிசையாக வரும்.

கிராஸ் கண்ட்ரியில் புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அதைப் படிக்க முடியும். பெரிய போட்டிகளில் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டினால் அணியின் புள்ளி. குறைந்த புள்ளி ஜெயிக்கும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா இடத்தையும் பிடித்தால் 15, அதற்குக் கீழே போக முடியாது. ஆறாவது, ஏழாவது ஆள் புள்ளியில் சேர மாட்டார், ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளை முந்தி அவர்கள் புள்ளியை ஏற்றிவிட முடியும். டிவிஷன் த்ரீ தேசியப் போட்டியில் ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், பெண்களுக்கு 6. மொத்தம் 32 அணிகள், கூடவே தனியாகத் தகுதி பெற்றவர்கள். முதல் 40 இடத்தில் வருகிறவர்களுக்கு 'ஆல்-அமெரிக்கன்' என்ற கௌரவம்.

சரி, இப்போது அணியின் முதல் ஆளை விட்டுவிடுங்கள். ஒரு அபூர்வத் திறமைசாலி எந்தக் கல்லூரியிலும் வந்து விழலாம். ஐந்தாவது ஆளைப் பாருங்கள். முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் எத்தனை விநாடி இடைவெளி? அது சின்னதாக இருந்தால் பயிற்சியில் எல்லோரும் கும்பலாகச் சேர்ந்து ஓடுகிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

அப்புறம் நான்கு வருஷத்துக்கு முந்தைய பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் முதலாண்டு என்று குறிக்கப்பட்டவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயரையும் தட்டி, அடுத்த மூன்று வருஷம் என்ன ஆனது என்று பாருங்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று வார இறுதிகள் இந்த வேலைதான் நடந்தது. மகள் பெயரைப் படிப்பாள், நான் கட்டம் போட்ட நோட்டில் எழுதுவேன். முதல் வருஷ 6 கிலோமீட்டர் நேரம், இரண்டாம் வருஷம், மூன்று, நான்கு. நேரம் இறங்கினால் பச்சைப் பேனா, ஏறினால் சிவப்பு, பெயரே காணாமல் போனால் வெறும் கோடு.

ஒரு கல்லூரிப் பக்கத்தில் எட்டுப் பெயருக்கு ஆறு பச்சை. அவர்களில் ஒருத்தி முதல் வருஷம் அணியில் இருபத்தாறாவது ஆள், நான்காம் வருஷம் நான்காவது ஆள். இன்னொரு கல்லூரி, தரவரிசையில் அதைவிட மேலே இருந்தது. அதன் பக்கம் முழுக்கக் கோடுகள். ஹைஸ்கூலில் மிக வேகமாக ஓடியவர்களைச் சேர்த்துக்கொண்டு, தாங்குகிறவர்களை வைத்து ஜெயிக்கிற அணி என்று எனக்குப் பட்டது. கோடு போட்ட ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் இருக்கும். சிலர் ஆசிரியப் பயிற்சிக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ போயிருப்பார்கள். ஒன்றிரண்டு கோட்டைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். பக்கம் பக்கமாக வந்தால் கவனியுங்கள்.

இன்னொன்று, மாதம். செப்டம்பரில் பறந்து நவம்பரில் தவழும் அணிகள் உண்டு. தேசியப் போட்டி நவம்பரில்தான். லீக் போட்டி, வட்டாரப் போட்டி, தேசியப் போட்டி என்று போகப்போக நேரமும் இடமும் மேம்படுகிறதா என்று இரண்டு மூன்று வருஷத்துக்குப் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: கிராஸ் கண்ட்ரியில் ஒரு மைதானத்தின் நேரத்தை இன்னொரு மைதானத்தோடு ஒப்பிடக்கூடாது. மலை, சேறு, காற்று எல்லாம் கணக்கைக் கெடுத்துவிடும். ஒரே மைதானத்தை வருஷாவருஷம் ஒப்பிடலாம். இல்லாவிட்டால் டிராக்கில் ஓடிய 5,000 மீட்டர் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஏமாற்றம் இருக்காது.

நம் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டா என்று அறியவும் இதே வழிதான். இந்த வருஷம் முதலாண்டில் சேர்ந்தவர்களின் பெயரை எடுத்து, ஹைஸ்கூல் முடிவுகள் இருக்கும் தளங்களில் தேடினால், அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் 1600, 3200 மீட்டர் எவ்வளவில் ஓடினார்கள் என்று தெரிந்துவிடும். அந்த வரிசையில் நம் பிள்ளையின் நேரம் நடுவில் இருந்தால் தைரியமாக எழுதலாம். கடைசியில் இருந்தாலும் எழுதலாம், அட்மிஷனில் கோச் கை கொடுப்பார் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கோச்சுக்கு எழுதுவது

பதினோராம் வகுப்பின் குளிர்காலம் நல்ல நேரம். டிவிஷன் த்ரீயில் மாணவர்கள் கோச்சுக்கு எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். பெரும்பாலான அணிப் பக்கங்களில், அணியில் சேர விரும்புகிறவர்களுக்கென்று ஒரு படிவம் இருக்கும். அதை நிரப்பிவிட்டு, தனியாக ஒரு மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும்.

நம்மில் பலர் செய்யும் தவறு, அந்த மின்னஞ்சலைப் பெற்றோரே எழுதுவது. கோச்சுகள் அதை ஒரு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளை எழுதட்டும். எட்டு வரி போதும்: பெயர், பள்ளி, எந்த வருஷம் முடிக்கிறாள், சிறந்த நேரங்கள், மதிப்பெண், என்ன படிக்க விருப்பம், இந்தக் கல்லூரி ஏன். ஹைஸ்கூலில் வாரம் எத்தனை மைல் ஓடுகிறாள் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். வாரம் 25 மைல் ஓடி ஒரு நேரம் எடுத்த பிள்ளையையும், 55 மைல் ஓடி அதே நேரம் எடுத்த பிள்ளையையும் எந்த நல்ல கோச்சும் ஒன்றாகப் பார்க்க மாட்டார். குறைவாக ஓடியவளிடம் இன்னும் வளர இடம் இருக்கிறது.

போனில் பேசும்போது பிள்ளை கேட்க வேண்டியவை சில. முதல் வருஷத்தில் வாரம் எத்தனை மைல் ஓட வைப்பீர்கள், அதை எப்படி முடிவு செய்வீர்கள்? எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையைச் சொன்னால் எனக்கு உறுத்தும். "நீ இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறாய் என்று பார்த்துத்தான்" என்று வந்தால் நல்லது. அணியில் எத்தனை பேர், யாரையாவது அணியிலிருந்து நீக்குவீர்களா, போட்டிக்கு எத்தனை பேரைக் கூட்டிப்போவீர்கள்? சில அணிகளில் முப்பது பேர் இருந்தாலும் வெளியூர்ப் போட்டிக்குப் பன்னிரண்டு பேர்தான் பஸ்ஸில் ஏறுவார்கள். கிராஸ் கண்ட்ரிக்கும் டிராக்குக்கும் ஒரே கோச்சா? சின்னக் கல்லூரியில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதில் நன்மையும் உண்டு: இலையுதிர் காலம், குளிர்கால உள்ளரங்கம், வசந்த கால டிராக் என்று மூன்று பருவத்தையும் ஒருவரே யோசித்துத் திட்டமிடுவார்.

நீங்கள் இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், இன்னும் இருப்பீர்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. என் மகள் தயங்கினாள், கேட்டாள். அந்தக் கோச் சிரித்துவிட்டு நேராகப் பதில் சொன்னார்.

போய்ப் பார்ப்பது

பதினோராம் வகுப்பின் ஜனவரி 1-க்குப் பிறகு டிவிஷன் த்ரீ கல்லூரிகள் தங்கள் செலவில் பிள்ளையை அழைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. எல்லாக் கல்லூரியிடமும் அதற்குப் பணம் இருக்காது, நம் செலவில் போவதும் சகஜம். எப்படிப் போனாலும் ஒரு இரவு அணியோடு தங்கட்டும். நீங்கள் ஊரில் ஒரு ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு ஒதுங்கியிருங்கள்.

பயிற்சியை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். பின்னால் என் மகள் சேர்ந்த கல்லூரியில் அன்று நல்ல மழை. மலைச்சரிவில் ஒரு கிலோமீட்டர் சுற்று, ஆறு தடவை. நான் குடையோடு மரத்தடியில் நின்றிருந்தேன். முன்னால் ஓடியவர்கள் முடித்துவிட்டுக் குனிந்து மூச்சு வாங்கினார்கள். ஒருவரும் மேல்சட்டையை எடுக்கப் போகவில்லை. கடைசியாக ஒரு பெண், மற்றவர்களைவிட முக்கால் நிமிடம் பின்தங்கி, முழங்கால்வரை சேறோடு வந்தாள். அவள் வந்து சேரும்வரை பதினெட்டுப் பேரும் மழையில் நின்றார்கள். கோச் அவளிடம் போய்க் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார், அவள் முகம் மலர்ந்தது. போன வாரத்தைவிட நான்கு விநாடி குறைவாம், மகள் அப்புறம் சொன்னாள். அணியின் மிக மெதுவான பெண்ணின் போன வார நேரம் அந்தக் கோச்சுக்கு மனப்பாடம்.

வகுப்பு நேரத்தையும் விசாரியுங்கள். அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு லேப் மதியம் ஒன்றிலிருந்து நான்கு, நான்கரை வரை போகும். பயிற்சி நான்கு மணிக்குத் தொடங்கும். லேப் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? தனியாக இருட்டில் ஓடுகிறார்களா, கோச் காலையில் இன்னொரு வேளை வைக்கிறாரா? இதைக் கோச்சைவிட வேதியியல் படிக்கும் மூன்றாம் வருஷ மாணவியிடம் கேட்டால் உண்மை தெரியும். மண்பாதை வளாகத்திலிருந்து எவ்வளவு தூரம், பனிக்காலத்தில் உள்ளரங்க டிராக் உண்டா, 200 மீட்டரா அதற்கும் குறைவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, ரத்தம், எலும்பு

இதைக் கூச்சப்படாமல் எழுதுகிறேன், அப்பாக்களும் படிக்க வேண்டும். பெண் ஓட்டக்காரர்கள் போதிய அளவு சாப்பிடாவிட்டால் முதலில் மாதவிலக்கு தவறும், பிறகு எலும்பு பலவீனமாகும், அப்புறம் கீறல் விழும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. உடலுக்குச் செலவாகும் சக்திக்கு ஈடாக உணவு போகாததுதான் காரணம். பையன்களுக்கும் வரும்.

ஆகவே அணியிடம் கேளுங்கள்: எடை பார்க்கிறார்களா, உடம்பைப் பற்றிக் கோச் எப்படிப் பேசுகிறார், உணவு நிபுணர் இருக்கிறாரா, அணிக்கான உடற்காயப் பராமரிப்பாளரை எத்தனை நாளுக்குள் பார்க்க முடியும்? 'எடை குறைத்தால் வேகம் வரும்' என்கிற பேச்சு ஒரு முறை காதில் விழுந்தாலும் அந்தக் கல்லூரியை நான் விட்டுவிடுவேன். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

சைவக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமித்து வைத்த இரும்புச்சத்து, குறைந்திருக்கலாம். பிள்ளை காரணமில்லாமல் சோர்ந்து, நேரம் மோசமானால் டாக்டரிடம் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் இரும்பு மாத்திரை கொடுக்க வேண்டாம். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். எலுமிச்சை பிழிந்தால் கூடும். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் பருப்பு, பயறு, டோஃபு தினமும் கிடைக்கிறதா, பயிற்சி முடிந்து ஏழரை மணிக்குப் போனாலும் சூடாகச் சாப்பாடு இருக்கிறதா என்று ஒரு வேளை அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள்.

பணம்

டிவிஷன் த்ரீயில் ஓட்டத்துக்காகப் பணம் கிடையாது என்று சொன்னேன். ஆனால் வேறு வழியில் உதவி உண்டு, அதில் இரண்டு ரகம். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்றவை குடும்ப வருமானத்தைப் பார்த்து மட்டுமே உதவி தரும். மதிப்பெண்ணுக்குத் தனி ஸ்காலர்ஷிப் கிடையாது. செயின்ட் ஓலஃப், நார்த் சென்ட்ரல் போன்ற பல கல்லூரிகள் படிப்புக்காகவும் ஸ்காலர்ஷிப் தருகின்றன. இரண்டு பேரும் ஐடி வேலையில் இருக்கும் வீட்டுக்கு முதல் ரகத்தில் பெரிதாக எதுவும் கிடைக்காது, இரண்டாவது ரகத்தில் நல்ல தொகை கிடைக்கலாம். 2011-இலிருந்து மத்திய அரசின் மாணவர் உதவியைப் பெறும் கல்லூரிகள் எல்லாம் தங்கள் தளத்தில் செலவுக் கணிப்பான் வைத்தாக வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் அதைப் போட்டுப் பாருங்கள், பிள்ளையின் மனம் ஒரு கல்லூரியில் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேராக விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு வழி குறுகலானது. ஆனால் ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் பணத்தேவையைப் பார்க்காமலே அட்மிஷன் முடிவெடுக்கின்றன.

ஜூலை முதல் நவம்பர் வரை

பதினோராம் வகுப்பு முடிந்த ஜூலையில் 'ப்ரீ-ரீட்' என்ற ஒன்று வரும். கோச் கேட்டால் மதிப்பெண் பட்டியல், தேர்வு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். அட்மிஷன் ஆபீஸ் பார்த்துவிட்டு, சேர வாய்ப்பு இருக்கிறதா என்று கோச்சிடம் சொல்லும். அது முடிவு அல்ல, அபிப்பிராயம்தான். கடுமையான கல்லூரிகளில் ஒரு கோச் அழுத்திச் சிபாரிசு செய்யக்கூடியவர்கள் வருஷத்துக்கு ஒரு சிலர்தான்.

அதனால் வார்த்தைகளைக் கவனியுங்கள். "நீ வந்தால் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்" என்பது ஒன்று. "உனக்காக அட்மிஷனில் நான் ஆதரவு தருகிறேன்" என்பது வேறு. பிள்ளை நேராகக் கேட்கட்டும்: "நான் எர்லி டிசிஷனில் போட்டால் உங்கள் ஆதரவு எனக்கு உண்டா? அப்படி ஆதரவு பெற்றவர்களில் போன வருஷம் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது?" நல்ல கோச் மழுப்ப மாட்டார். எர்லி டிசிஷன் என்றால் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், நவம்பர் ஆரம்பத்திலோ நடுவிலோ விண்ணப்பம் போக வேண்டும். பண உதவிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பங்கள் அதில் போடாமல் இருப்பதே நல்லது. அதையும் கோச்சிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம், நாங்கள் சொன்னோம்.

வேண்டாம் என்று முடிவெடுத்த கல்லூரிகளின் கோச்சுகளுக்கு நன்றி சொல்லி இரண்டு வரி எழுத வைத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைக்காகப் பிடித்து வைத்த இடத்தை அவர்கள் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க முடியும்.

சேர்வதற்கு முந்தைய கோடை

இடம் உறுதியானதும் ஜூனில் கோச் ஒரு பயிற்சித் திட்டம் அனுப்புவார். புதிய அணியில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆவலில் மைல்களைத் திடீரென்று கூட்டுகிற பிள்ளைகள்தான் செப்டம்பரில் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். திட்டத்தில் 35 என்று இருந்தால் 35 ஓடினால் போதும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தாளை ஒட்டி, ஓடி முடித்த நாட்களில் என் மனைவி டிக் போட்டாள். கூடுதலாக ஓடினால் திட்டினாள். கூடவே ஃபெரிட்டின் பரிசோதனை, புது ஷூ இரண்டு ஜோடி, ஈரத்தில் ஓட ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஷூ. கிராஸ் கண்ட்ரி அணி மற்ற மாணவர்களுக்கு முன்பே, பல கல்லூரிகளில் ஆகஸ்ட் கடைசிக்கு முன், வந்து சேர வேண்டியிருக்கும். அந்தத் தேதியைக் கோச்சிடம் கேட்ட பிறகு ஊருக்குப் போகும் டிக்கெட்டைப் போடுங்கள். நாங்கள் கேட்காமல் போட்டுவிட்டு, மதுரையிலிருந்து பத்து நாள் முன்னதாகத் திரும்ப வேண்டியதாயிற்று.